ஆபீஸருக்குப் போட்ட நெல்லுச்சோறு

1

அன்பாகக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதட்டிக் கேட்டால் என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்பவர்கள் எதையோ எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று என் மனசு அடித்துச் சொல்லும்.

போன மாதம் மோரா என்கிற நர்ஸ் என்னிடம் அப்படித்தான் கேட்டாள். நானும் நர்ஸ்தான். அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கிழவர் கிழவிகளைத் தூக்கி உட்கார வைத்து, படுக்க வைத்து, என் இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்று எடை குறைப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். முட்டி சரியாகாவிட்டால் வேலை போகும். எங்கள் மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

மோரா என்னை மிஷின் மேல் ஏற்றினாள். வந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிப்பவர்களில் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களும் இருப்பார்கள்.

எண்ணைக் குறித்துக்கொண்டு, "யூ ஆர் கிராண்ட்" என்றாள். இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் கிராண்ட்; பரவாயில்லை என்று அர்த்தம். காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் கிராண்ட். ஊரில் ஜவுளிக்கடையில் மட்டுமே நான் கேட்டிருந்த சொல் அது. எத்தனை வருஷமானாலும், இவர்கள் சொல்லும்போது என்னைக் கேலி செய்கிறார்களா என்று ஒரு தரம் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம்தான் கேள்விகள் ஆரம்பித்தன. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பாள், இரண்டு தோசையை ஒன்றாகக் குறைத்துச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு. சிறு வயதில் என்ன மாதிரி வீடு? கூரை எதனால் ஆனது? அப்பாவுக்கு என்ன வேலை? காலில் செருப்பு இருந்ததா? வீட்டில் எல்லோருக்கும் போதுமான சாப்பாடு இருந்ததா?

முட்டி வலிக்கு வந்தவளிடம் எங்கப்பன் தொழிலை எதற்குக் கேட்கிறாள்? இருபது வருஷத்துக்கு முன்னால் விசா வாங்கும்போதுகூட யாரும் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. போதாததற்குப் பக்கத்தில் என் மகள் யாழினி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. திரும்பும் வழியில் கடைவீதியில் இறக்கிவிடுவேன் என்று கூட வந்தவள், கைபேசியில் தலையைக் கவிழ்த்திருந்தாள். அவளுடைய காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"ஓட்டு வீடு," என்றேன். "அப்பா விவசாயம். சொந்த நிலம். நாலு பசுமாடு. சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. பால், நெய், எல்லாம் இருந்தது."

"எவ்வளவு அழகான குழந்தைப் பருவம்!" என்று எழுதிக்கொண்டாள் மோரா.

2

கார் சிக்னலில் நிற்கும்போது யாழினி கேட்டாள். அவளுடைய தமிழ் என்னிடம் பேச மட்டும் பயன்படுவது. வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.

"ம்மா, தாத்தாவுக்கு மாடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ எனக்குச் சொன்னதே இல்லை."

"நீ எப்போ கேட்டே?"

அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வருவாள். இப்போது அவள் அறைக் கதவைத் தட்டினால், "என்ன வேணும்?" என்கிறாள். அவள் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவதையும், அந்தப் பாதியை நான் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதையும் எடைப்பிரிவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து மோரா போன் செய்தாள். குரலில் அதே பாகு. புதிதாக ஒரு குழு தொடங்குகிறார்களாம். சிறு வயதில் வறுமையில் வளர்ந்தவர்களுக்கு நடுவயதுக்கு மேல் எடை ஏறுகிறது, அது ஏன் என்று பார்க்கிறார்களாம். அந்தக் குழுவில் சேருபவர்களுக்கு டாக்டர், மருந்து, சத்துணவு ஆலோசனை எல்லாம் உடனே கிடைக்கும். முட்டி ஆபரேஷனுக்கும் சீக்கிரம் தேதி வாங்கலாம்.

"உங்களுக்கு நல்ல வசதியான குழந்தைப் பருவம் என்பதால் பொது வரிசையில் வைத்திருக்கிறோம். அது கொஞ்சம் நீளம். சில வருஷம் ஆகலாம்."

"நன்றி," என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, தனியா சிரிக்கிற?" என்றார். "நெல்லுச்சோறு போட்டுட்டேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் எலவனாசூர்கோட்டைப் பக்கம், நெல் விளையும் ஊரில் பிறந்தவர்.

3

நான் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்டை. எங்கள் ஜனத்துக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். நாங்கள் ஆண்டதாக எனக்கு நினைவில்லை. இங்கே வந்த புதிதில் கேரளத்து நர்சுகளிடம், "நானும் மலையாளிதான்," என்று சொல்லி, அவர்கள் கடகடவென்று பேச, நான் முழிக்க, பொய்க்காரி என்று பெயர் வாங்கினேன். அது எனக்குப் புதிதில்லை. நான் யார் என்பதையே நம்பாதவர்களை அதற்கு முன்பே பார்த்திருந்தேன்.

மலையில் விளைவது சாமையும் கேழ்வரகும். ஆனி பிறக்கும்போது தானியக் குதிர் காலியாகிவிடும். அடுத்த அறுவடைவரைக்கும் காட்டுக் கிழங்கு, கூழ், அந்தக் கூழிலும் தண்ணீர். எங்களுடையது புல் வேய்ந்த வீடு. அப்பா கடுக்காய் பொறுக்கிக் கீழே கொண்டுபோய் விற்பார். மாடு இருந்தது உண்மை. அது பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஆறாம் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். தினமும் நெல்லுச்சோறு. தட்டு காலியாக இருப்பவளுக்குத்தான் இரண்டாம் தரம் விழும். அதனால் மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் மேசையில் எல்லோருக்கும் முன்னால் என் தட்டுதான் காலியாகும். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா என் மேல்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்து, ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள். "சதை வச்சிருக்கா பாரு எம்பொண்ணு!" எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பள்ளிப் படிப்பு முடிந்து நர்சிங் சேர, பழங்குடி என்கிற சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது இட ஒதுக்கீட்டுக்காக மலைக்குக் கீழே சமவெளியில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்றுதான் பேச்சு. யார் நிஜ மலைக்காரன், யார் சலுகைக்காக மேலே ஏறி வந்தவன் என்று தாலுகா ஆபீசில் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். வீட்டுக்கே வந்து விசாரித்துத்தான் கொடுப்போம் என்றார்கள்.

ஆபீஸர் வருகிறார் என்று சொல்லி அனுப்பியதும் எங்கள் வீடு கல்யாண வீடானது. பெரிய மனுஷன் வருகிறான், அவனுக்குச் சாமையா போடுவது? மாமா கீழே போய் நெல்லரிசி வாங்கி வந்தார். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்தார்கள். சாமைப் பானையையும் குத்தும் உலக்கையையும் அம்மா வீட்டுக்குப் பின்னால் மறைத்தாள். யாரிடமோ வாங்கிய நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, முன்னால் நிறுத்தினாள்.

ஆபீஸர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து இலையில் உட்கார்ந்தார். கோழிக்குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, மலைல சாமைதான துன்னுவாங்க? உங்க வூட்ல எங்க காணோம்?"

"அய்ய, அதெல்லாம் நாங்க தொடறதில்லீங்க," என்றாள் அம்மா. "எங்க வூட்ல எப்பவும் நெல்லுச்சோறுதாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பும் மலைக்காரங்க உடம்பா இல்லியே. கீழ இருந்து வந்து குடியேறின ஆளுங்கதான நீங்க?"

அம்மா அதைப் புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்கு மட்டும் முகம் மாறியது. ஆனால் சாப்பிட வந்தவரை மறுத்துப் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சான்றிதழ் இல்லை என்று பதில் வந்தது. அந்த வருஷம் நான் படிக்கப் போகவில்லை.

4

அப்பா கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவிலூருக்கும் அலைந்தார். ஒரு தடவை போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நடந்தே போனவரை மறியல் செய்தவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள்.

"எங்க பெருசு போற?"

"ஜாதி சர்ட்டிபிகேட்டுக்குங்க."

"அட, நாங்களும் அந்த மாதிரி விசயத்துக்குத்தான் ரோட்ல குந்திக்கினு இருக்கோம். வா, வந்து சாப்டு."

அவர்களும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள்தான், குத்தகை நிலம்தான். அவர்கள் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்பா நடந்தார். ஆபீஸ் பூட்டியிருந்தது. திரும்பி வந்து எங்களிடம் சோற்றைப் பற்றி மட்டும் சொன்னார்.

அடுத்த வருஷம் வேறொரு ஆபீஸர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நாங்கள் உப்பைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா அவமானத்தில் கூழ்ச் சட்டியை முந்தானையால் மூடினாள். அவர் வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார், சாமைப் பானையைப் பார்த்தார், நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அம்மா அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போனவர் அவர்.

இவ்வளவு தெரிந்தவள் நான். ஒரு வருஷத்தைப் பறிகொடுத்துப் பாடம் படித்தவள். முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஏழு கடல் தாண்டி வந்து, மோராவுக்கு இலை போட்டுப் பாலும் நெய்யும் பரிமாறியிருக்கிறேன்.

5

யாழினியிடம் இதையெல்லாம் நான் சொல்வதாக இல்லை. அவளே வந்து அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நெல்லுச்சோறுன்னா என்னம்மா? அப்பா கேக்கச் சொன்னார்," என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸர் இரண்டாம் தரம் கோழிக்குழம்பு வாங்கிக்கொண்டதைக் கேட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். சான்றிதழ் இல்லை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மோராகிட்ட போய் நிஜத்தைச் சொல்லு."

"மொதல்ல ஒண்ணு சொன்னா, குழு இருக்குன்னு தெரிஞ்சதும் மாத்திச் சொல்றான்னு நினைப்பாங்க. எதை நம்புவாங்க?"

"நான் வர்றேன் கூட."

எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பள்ளியில் ஏதாவது கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களோ, இவளுக்குத் திடீரென்று என் மேல் என்ன அக்கறை? கேட்டுவிட்டேன். அவள் மேடையிலிருந்து இறங்கி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் செய்தது தப்பு என்று கதவு சாத்திய பிறகுதான் தெரிந்தது. வெளியே நின்று, "சரி, செவ்வாய்க்கிழமை போவோம், நீயும் வா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். அம்மா என் தம்பியின் வீட்டில் இருக்கிறாள். மோராவிடம் சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவள் சமையலைப் பற்றித்தானே சொல்லப் போகிறேன்.

"எம்மா, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது நமக்குச் சோத்துக்குக் கஷ்டம்தான?"

"யாரு கேக்கறது?"

"இங்க ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா."

"அவங்களுக்கு இன்னாத்துக்கு நம்ம வூட்டு சோறு?"

"சின்ன வயசுல கம்மியா துன்னவங்களுக்குப் பின்னால உடம்பு ஜாஸ்தியாவுதாம். அதுக்குக் கேக்கறாங்க."

"கம்மியா துன்னா ஒல்லியாத்தானடி ஆவணும்? உன்ன ஏமாத்திக்கினு இருக்காங்க. எங்கயும் கையெழுத்து போட்றாத."

என் சந்தேக புத்தி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

முட்டியைப் பற்றிச் சொன்னேன். வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

"உன்னப் பட்டினி போட்டு வளத்தன்னு அந்தப் பொம்பளகிட்ட சொல்லப் போறியா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஒரு நாளாச்சும் உன்ன வெறும் வயித்தோட படுக்க வுட்ருக்கனா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். கூழ் தண்ணீராக இருந்திருக்கிறது. கிழங்கு கசந்திருக்கிறது. ஆனால் படுக்கும்முன் ஏதோ ஒன்று என் கையில் வந்துவிடும். "வுட்டதில்லம்மா," என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"சொல்றதுன்னா சொல்லிக்க. எம்பொண்ணுக்கு நான் போடலன்னு மட்டும் சொல்லாத. நான் துன்னலன்னு சொல்லு."

"நீதான் அடுப்பாண்டயே குடிச்சிட்டன்னு சொல்லுவியே."

"சொல்லுவன். சட்டியில இருந்தாத்தான குடிக்கறதுக்கு?"

அவ்வளவுதான். தம்பி பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

6

செவ்வாய்க்கிழமை யாழினி எனக்கு முன்பே காரில் போய் உட்கார்ந்திருந்தாள். காரணம் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

மோராவிடம், போன தடவை சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். ஓடு இல்லை, புல். நிலம் கொஞ்சம், அதுவும் வானம் பார்த்தது. மாடு அடுத்த வீட்டுக்காரருடையது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள், என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் பழைய பக்கத்தை அடித்துவிட்டு, "நிறையப் பேர் முதல் தடவை இப்படித்தான் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான்," என்றாள். இதையும் எல்லோரிடமும் சொல்வாளோ என்னவோ.

"உங்களுக்குப் போதுமான சாப்பாடு இருந்ததா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"எனக்கு ஏதோ இருந்தது. என் அம்மாவுக்கு இல்லை. அடுப்படியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிடுவாள்."

"எவ்வளவு காலம்?"

"ஒவ்வொரு வருஷமும், தானியம் தீர்ந்த மாதங்கள் முழுக்க. நான் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்."

மோரா பேனாவைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து எழுதினாள். குழுவில் இடம் இருக்கிறது, அடுத்த வாரமே வரலாம் என்றாள். கிராண்ட் என்று சொல்லவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டிக்காகப் பிடித்தாள் என்று நினைக்கிறேன். கார் கதவைத் திறக்கும்போது கேட்டாள்.

"ம்மா, நீ யாரையும் நம்ப மாட்டியே. டாக்டரை நம்ப மாட்டே. அப்பாவை நம்ப மாட்டே. என்னைக்கூட நம்ப மாட்டே. ஆயா சாப்பிட்டேன்னு சொன்னதை மட்டும் எப்படி இத்தனை வருஷம் நம்பினே?"

சீட்டில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

"எனக்குப் பசியா இருந்துச்சுடி."